தாங்கி தாங்குமா? கொழும்பில் கேட்ட பகிடிகள்: அனுபவப் பகிர்வு

வெள்ளவத்தை, பகிர்வைத் தொடங்கிவைப்பவர்:

ஏதோ ஒரு வேலையைப் பேசக் கூடுகிறோம். யாரோ ஒருவர் வாயிலிருந்து ஒரு சொல் இரண்டு பொருளோடு வந்து விழுகிறது. அடுத்தவர் அதைப் பிடித்துக்கொள்கிறார், மூன்றாமவர் இழுக்கிறார். கால் மணி நேரத்தில், கூடிய விடயம் ஒரு பக்கம் கிடக்க, பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. கொழும்பில் தமிழர் நாலுபேர் சேர்ந்தால் இது நடக்காமல் இருப்பதில்லை. ஆனால் யாரும் எழுதிவைப்பதில்லை. நல்ல பகிடிகள் சொன்ன இடத்திலேயே மறைந்துபோகின்றன என்பது என்னுடைய நெடுநாள் மனக்குறை. ஆகவே கேட்கிறேன்: கொழும்பில் உங்கள் காதால் கேட்ட சொல் விளையாட்டை, நடந்த இடத்தோடும் சூழலோடும் எழுதுங்கள். எங்கேயோ படித்தது வேண்டாம். ஆட்களின் பெயரும் வேண்டாம்.

முதலில் என்னுடையது. எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கி கசிந்து, மேல்தளத்து வீடுகளின் கூரை ஊறிப்போயிற்று. யார் செலவு செய்வது என்று கூட்டம். கீழ்த்தளத்தார் ஒரு பக்கம், மேல்தளத்தார் ஒரு பக்கம். குரல்கள் உயர்ந்துகொண்டிருந்தபோது, அதுவரை மூலையில் பேசாமல் இருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் எழுந்தார். “தாங்கி என்று பெயர் வைத்திருக்கிறோம். தண்ணீரையே தாங்காதது நாங்கள் போடும் சத்தத்தை எப்படித் தாங்கும்?” என்றார். மேல்தளத்து அம்மா ஒருவர் விடவில்லை: “தாங்கி தாங்காவிட்டால் என்ன ஐயா, நீங்கள் காசைத் தாங்கோ!” ‘தாருங்கள்’ என்பதை யாழ்ப்பாணத்தில் ‘தாங்கோ’ என்பார்கள். கீழ்த்தளத்திலிருந்து பதில் வந்தது: “தொகையைச் சொல்லுங்கள், தாங்குமா என்று பார்ப்போம்.” கடைசியில் செலவு எல்லா வீடுகளுக்கும் பிரிந்தது. தேநீர் கொண்டுவந்த அயல்வீட்டுச் சிறுமி குவளையைத் திரும்ப வாங்கும்போது எல்லோருக்கும் “தாங்கி யூ” சொல்லிக்கொண்டு போனாள்.

பகிடியால்தான் பிரச்சினை தீர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். பொருளாளர் கணக்கோடு வந்திருந்தார். ஆனால் அந்தக் கணக்கைக் காதுகொடுத்துக் கேட்கும் நிலைக்கு எங்களைக் கொண்டுவந்தது தபாலதிபரின் ஒரு சொல்தான்.

கொட்டாஞ்சேனை, அச்சகத்தில் வேலை பார்த்தவர்:

ஈய எழுத்துக் காலத்தில் நான் அச்சுக்கோப்பாளன். எங்கள் தொழிலில் பகிடிக்குப் பஞ்சமே இல்லை, ஏனென்றால் தமிழ் எழுத்துக்குக் கால் உண்டு, கொம்பு உண்டு, சுழி உண்டு. ஒரு கால் கைதவறி விழுந்தால் பொருள் தலைகீழாகிவிடும். ‘வாடை’ வடையாகும், ‘பாட்டு’ பட்டாகும். ஒருமுறை ‘மணமகனின் தாயார்’ என்பதில் கால் விழுந்து ‘மணமகனின் தயார்’ என்று வந்துவிட்டது. மாப்பிள்ளை தயார்தான், அம்மா எங்கே என்று கேட்டு மெய்ப்புத் திருத்துபவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது வேறொன்று. ஒரு திருமண அழைப்பிதழ். ‘மாலை 6.30 மணி’ என்று இருக்கவேண்டியது, மெய்ப்பில் ‘மலை 6.30 மணி’ என்று இருந்தது. பெண்ணின் தந்தை கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. “நம்பித்தானே தந்தேன், இப்படிக் காலை வாரிவிட்டீர்களே!” என்றார். எங்களுடைய மூத்த அச்சுக்கோப்பாளர், எழுத்துப் பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே, “காலை இல்லை ஐயா, மாலை” என்றார்.

கொஞ்ச நேரம் அச்சகத்தில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தோம். அவருக்கு அது உறைக்கச் சில விநாடிகள் பிடித்தன. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியே கழன்று விழுந்தது. “சரி, காலைப் போட்டுத் தாருங்கள். கால் இல்லாத மாலையோடு மாப்பிள்ளையை மணவறைக்கு அனுப்ப முடியாது” என்றார். மூத்தவர் ஒரு காலை எடுத்துச் செருகிக்கொண்டே சொன்னார்: “எப்படியும் அவருக்குக் கால்கட்டுப் போடத்தானே போகிறீர்கள். முதற்காலை நான் போட்டுவிடுகிறேன்.”

அந்த மனிதர் கல்யாணத்துக்கு எங்கள் எல்லோரையும் அழைத்தார். மூத்தவரை முன்வரிசையில் இருத்தினார்.

தெஹிவளை, வங்கி ஊழியர்:

காலைப் பற்றி எழுதியவருக்கு ஒரு கொம்பு. கொம்பனித்தெருவில் பிறந்த என் நண்பனிடம், “உங்கள் தெருவுக்குத்தான் கொம்பு முளைத்திருக்கிறது” என்றேன். “காலும் இருக்கிறது, எண்ணிப் பார்” என்றான். ‘கொ’வில் இரண்டும் இருக்கின்றன என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாளிகாவத்தை, கணக்குப் பிரிவில் பணிபுரியும் பெண்:

எங்கள் முஸ்லிம் குடும்பங்களில் மூத்த சகோதரியைத் ‘தாத்தா’ என்று கூப்பிடுவோம். இதைத் தெரியாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது.

நான் வேலையில் சேர்ந்த புதிது. பொரளையில் அலுவலகம். என் மேசைக்கு இடப்பக்கம் ஹட்டனிலிருந்து வந்த அண்ணா, வலப்பக்கம் சிங்கள அக்கா. அவருக்குத் தமிழ் நன்றாக விளங்கும், பேசவும் ஆசை. ஒரு காலையில் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. நான் சந்தோஷம் தாங்காமல் எழுந்து நின்று, “எனக்கு அரைநாள் லீவு வேண்டும். தாத்தாவுக்கு ஆண்குழந்தை பிறந்திருக்கிறது!” என்றேன்.

ஹட்டன் அண்ணா கையிலிருந்த பேனையைக் கீழே வைத்தார். அவருக்குத் தாத்தா என்றால் அப்பாவின் அப்பா. சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன், ஆகையால் சிங்கள அக்கா மெதுவாக என் அருகே வந்து, “அம்மா எப்படி இருக்கிறார்?” என்று கேட்டார். “அம்மாதான் ஆஸ்பத்திரியில் தாத்தாவோடு நிற்கிறார்” என்றேன். அவருக்கு அது சரியாகப்பட்டது. ஹட்டன் அண்ணாவுக்குத்தான் ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் துணிந்து, “தங்கச்சி, தாத்தாவுக்கு என்ன வயது?” என்று கேட்டார். “இருபத்தைந்து” என்றேன்.

அந்த அறை அடங்க வெகுநேரம் ஆயிற்று. முகாமையாளர் என்னவோ ஏதோ என்று வெளியே வந்தார். அவருக்கு விளக்கப்போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்தது. அவர் வல்வெட்டித்துறைக்காரர். “எங்கள் ஊரில் இதற்கெல்லாம் இடமில்லை, அப்பாவின் அப்பா அப்பப்பா, அம்மாவின் அப்பா அம்மப்பா. பிழைவிட வழியே கிடையாது” என்று பெருமையாகச் சொன்னார். சிங்கள அக்கா உடனே, “அப்பப்பா! எவ்வளவு கஷ்டம்!” என்றார். அவர் அதைப் பகிடியாகச் சொன்னாரா, பெருமூச்சாகச் சொன்னாரா என்று கேட்கவே எங்களுக்கு வாய் வரவில்லை, அவ்வளவு சிரிப்பு.

மறுநாள் ஹட்டன் அண்ணா ஒரு பொதி கொண்டுவந்து தந்தார். மேலே ‘தாத்தாவின் மகனுக்கு’ என்று எழுதியிருந்தது. அந்தக் குழந்தைக்கு முதன்முதலில் வெளியிலிருந்து வந்த பரிசு அதுதான்.

மருதானை:

மாளிகாவத்தைத் தங்கை எழுதியதும் எங்கள் வீட்டு ‘நானா’ ஞாபகம் வந்துவிட்டது. நானா என்றால் எங்களுக்கு மூத்த சகோதரன். பெருநாளுக்கு வைத்திருந்த வட்டிலப்பத்தில் பாதியைக் காணவில்லை. “யார் சாப்பிட்டது?” என்று உம்மா கேட்டார். கடைக்குட்டி, “நானா” என்றான். மூத்தவன் அறைக்குள்ளிருந்து, “நானா?” என்றான். “அதைத்தான் அவனும் சொல்கிறான்” என்றார் உம்மா.

எங்களில் அண்ணனைக் ‘காக்கா’ என்று கூப்பிடுபவர்களும் உண்டு. பக்கத்து வீட்டுக்கு இந்தியாவிலிருந்து வந்திருந்த விருந்தாளியிடம், “காக்கா நேற்றுத்தான் கட்டாருக்குப் பறந்தார்” என்று சொன்னபோது, அவர் ஜன்னலைத்தான் திரும்பிப் பார்த்தார்.

புறக்கோட்டை, மொத்த வியாபாரக் கடை:

இந்தியாவிலிருந்து வருபவர்களைப் பற்றிச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். எங்கள் நான்காம் குறுக்குத்தெருவில் மூட்டை சுமப்பவர்களை நாட்டாமை என்போம். சென்னையிலிருந்து வந்த சரக்கு வியாபாரி ஒருவரிடம் எங்கள் முதலாளி, “கொஞ்சம் பொறுங்கள், நாட்டாமை வந்து மூட்டையை ஏற்றிவிடுவார்” என்றதும் அவர் பதறிப்போய்த் தானே மூட்டையில் கைவைத்துவிட்டார். அவருடைய ஊரில் நாட்டாமை என்றால் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்பவர்.

நான் மட்டக்களப்பிலிருந்து வேலைக்கு வந்தபோது சிங்களம் அறவே தெரியாது. முதல் வாரம், லொறிக்குள்ளிருந்து ஒரு சாரதி கையைக் காட்டி, “மல்லி, மெஹாட்ட என்ன” என்று கத்தினார். மல்லியும் என்னவும் மட்டும் எனக்கு விளங்கின. மல்லி என்ன விலை என்று கேட்கிறார் போலும் என்று நினைத்து, கொத்தமல்லியின் கிலோ விலையைத் திருப்பிக் கத்தினேன். அவர் மறுபடி, “மல்லி, என்ன! என்ன!” என்றார். விலை கூடவென்று பேரம் பேசுகிறார் என நினைத்து ஐந்து ரூபாய் குறைத்தேன். பக்கத்துக் கடை நாட்டாமை ஓடிவந்து விளக்கினார்: சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி, ‘என்ன’ என்றால் வா.

அந்தச் சாரதிக்கு விடயத்தைச் சொன்னபோது அவர் லொறிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு எங்கள் கடைக்கு வரும்போதெல்லாம் தெருமுனையிலிருந்தே தமிழில் கேட்பார்: “மல்லி, மல்லி என்ன விலை?” நான் சிங்களத்தில் பதில் சொல்வேன்: “என்ன, என்ன.” வாங்குபவர்களுக்கு ஒன்றும் புரியாது. எங்கள் இருவருக்கும் அது முகமன் ஆகிவிட்டது. சிங்களத்தை நான் கற்றுக்கொண்டது அவரிடம். ஒரு சொல்லைச் சொல்லித்தரும்போதே, தமிழில் அதற்கு என்ன பொருள் என்று கேட்டுப் பகிடி தேடுவார். தேங்காய்க்குச் சிங்களத்தில் பொல் என்றதும், பொல்லு என்றால் எங்களிடம் ஊன்றுதடி என்று சொன்னேன். அடுத்த நாள் வந்து, “வயதான தேங்காய் ஒன்று தா, ஊன்றிக்கொண்டு போக” என்றார்.

கிருலப்பனை:

அந்த ‘என்ன’ எங்கள் குடும்பத்திலும் இருக்கிறது. 1990களில் நகரெங்கும் சோதனைச் சாவடிகள் இருந்த காலம். அப்போது நான் சிறுமி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மம்மாவோடு நடந்து போய்க்கொண்டிருந்தேன். சாவடியில் நின்ற இளம் சிப்பாய், “அம்மே, மெஹாட்ட என்ன” என்றார். அம்மம்மா நின்று, “ஒன்றுமில்லை மகனே” என்றார். அவர் குரலை உயர்த்தி, “என்ன!” என்றார். “ஒன்றுமில்லை என்றுதானே சொல்கிறேன், பையில் பலகாரம்தான் இருக்கிறது” என்று அம்மம்மாவும் குரலை உயர்த்தினார். கூப்பிட்டும் வராமல் ஒருவர் நின்றால் அந்த நாட்களில் அது எங்கே போய் முடியும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். வீதியோரம் அன்னாசிப்பழம் விற்ற ஒருவர் இடையில் புகுந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார். சிப்பாய் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, பலகாரத்தையும் பார்த்துவிட்டு, எங்களை விட்டார்.

அன்று யாரும் சிரிக்கவில்லை. பல காலம் கழித்து, வீட்டில் யாராவது “என்ன?” என்று கேட்டால் அம்மம்மா “இதோ வருகிறேன்” என்று சொல்லத் தொடங்கினார். முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. பயந்த ஒன்றை எப்படிப் பகிடியாக்க மனம் வருகிறது என்று கேட்டேன். “பயத்தை அப்படியே வைத்திருக்க எனக்கு இடமில்லை, பிள்ளை” என்றார். இப்போது என் பிள்ளைகளும் அதே பதிலைத்தான் சொல்கிறார்கள்.

பம்பலப்பிட்டி, உயர்தர வகுப்புத் தமிழ் ஆசிரியை:

நான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பகிடிகளை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்களோடு எனக்குப் பல காலமாக வழக்கு இருக்கிறது.

தமிழில் இதற்கு இலக்கணமே உண்டு. தண்டியலங்காரம் சிலேடையை அணியாகவே வைத்திருக்கிறது. சொல்லைப் பிரிக்காமலே இரண்டு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை, பிரித்துப் பார்த்தால்தான் தருமென்றால் பிரிமொழிச் சிலேடை. 15ஆம் நூற்றாண்டில் காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் பாடினார். ‘நஞ்சிருக்கும் தோலுரிக்கும்’ என்று தொடங்கும். பாம்பில் நஞ்சு இருக்கும், கனிந்த பழம் நைந்து இருக்கும். பாம்பு தோலை உரிக்கும், பழத்தின் தோலை நாம் உரிப்போம். கொட்டாஞ்சேனை அச்சுக்கோப்பாளர் சொன்ன ‘காலை’ இருக்கிறதே, அது உயர்ந்த பிரிமொழிச் சிலேடை. கால் என்பதோடு ஐ சேர்த்தால் எழுத்தின் கால், சேர்ந்தே இருந்தால் விடியற்பொழுது. அந்த மூத்தவர் தண்டியலங்காரம் படித்திருக்க வேண்டுமென்பதில்லை. மொழி அவருக்குக் கைவந்திருந்தது.

இனி என் அனுபவம். பின்னேர வகுப்பு. பத்துப்பாட்டு நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் எழுதினேன்: சிறுபாணாற்றுப்படை, 269 அடி. பெரும்பாணாற்றுப்படை, 500 அடி. இடைவேளைக்குப் பாணும் சம்பலும் சொல்லியிருந்ததால் பிள்ளைகளின் மனம் ஏற்கெனவே வயிற்றில் இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “மிஸ், 269 அடி நீளத்துக்குப் பாண் போட்டுவிட்டு அதைச் சிறுபாண் என்றால் எப்படி? எங்கள் வீதி பேக்கரியில் ஒரு றாத்தல் பாண் ஓர் அடிகூட வராதே!”

வகுப்பு கலகலத்தது. நான் அதட்டியிருக்கலாம். அதட்டவில்லை. “சரி, அந்த 500 அடிப் பாணை யார் பாடியது?” என்று கேட்டேன். “கடியலூர் உருத்திரங்கண்ணனார்” என்று ஒருவன் சொல்ல, பக்கத்தில் இருந்தவள், “அவ்வளவு பெரிய பாணைக் கடிக்கக் கடியலூரிலிருந்துதான் ஆள் வரவேண்டும்” என்றாள். “சிறுபாணைப் பாடியவர் எங்கள் ஊர், நல்லூர்!” என்று யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் துள்ளினான். அது தமிழகத்தின் இடைக்கழிநாட்டு நல்லூர் என்று சொன்னேன். “அப்படியானால் பாண் இறக்குமதியா மிஸ்?” என்றான். இன்னொருத்தி ஆற்றுப்படையை விளக்கினாள்: “பரிசு பெற்ற பாணன், வழியில் சந்தித்த பாணனுக்கு வள்ளலிடம் போக வழி சொல்வது. அதாவது, எந்தக் கடையில் சூடான பாண் இருக்கிறது என்று சொல்வது.” அவள் சொன்னதில் முதற்பாதி பரீட்சைக்கு அப்படியே எழுதக்கூடியது.

சிறிய யாழ் வைத்திருந்தவர்கள் சிறுபாணர், பெரிய யாழ் வைத்திருந்தவர்கள் பெரும்பாணர் என்று நான் பிறகு விளக்கியபோது ஒருவரும் கண்ணயரவில்லை. அந்த இரண்டு பாட்டிலும் வரும் வள்ளல்களான நல்லியக்கோடனும் தொண்டைமான் இளந்திரையனும் அந்தப் பிள்ளைகளுக்கு மறக்கவே இல்லை. அந்த வகுப்பில் படித்து இப்போது ஆசிரியராக இருக்கும் ஒருவர், இன்றும் வீதியில் என்னைக் கண்டால் வணக்கத்துக்கு முன் “500 அடி” என்றுதான் சொல்வார்.

தெமட்டகொடை:

பாண் பேச்சு வந்துவிட்டதால் மட்டும் கேட்கிறேன்: இசை போட்டுக்கொண்டு ஓட்டோவில் வரும் சூன் பாண்காரரைப் பாணர் என்று சொல்லலாமா? பாட்டும் இருக்கிறது, பாணும் இருக்கிறது.

பம்பலப்பிட்டி, ஆசிரியை:

தாராளமாகச் சொல்லலாம். யாழ் மட்டும்தான் குறை.

ஆமர் வீதி, சொந்த ஊர் பதுளை:

எல்லோரும் சந்தோஷமாக எழுதுகிறீர்கள். நான் வேறு மாதிரி ஒன்றை எழுதவேண்டியிருக்கிறது.

மலையகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது எங்கள் பேச்சைச் சிலர் கேலி செய்தார்கள். நான் ஒரு வாக்கியம் சொன்னால் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதில் சொல் விளையாட்டு ஒன்றும் கிடையாது, நான் பேசிய விதம்தான் அவர்களுக்கு விளையாட்டு. ‘பகிடிதானே’ என்பார்கள். இந்த நாட்டில் பகிடிவதைக்கு, அதாவது மூத்த மாணவர்கள் புதியவர்களை வதைப்பதற்கு, எதிராக 1998இல் 20ஆம் இலக்கச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தப் பெயருக்குள்ளும் பகிடி இருப்பது எனக்கு எப்போதும் வலிக்கும். தாத்தா கதையில் ஹட்டன்காரர் சிரித்தார், முஸ்லிம் பெண்ணும் சிரித்தார், சிங்களப் பெண்ணும் சிரித்தார், மூவருடைய சொல்லும் ஒரே தட்டில் இருந்தது. எனக்கு நடந்ததில் ஒரு பக்கம்தான் சிரித்தது. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதே விடுதியில் என் அறைத்தோழன் வேறு மாதிரி. வடமராட்சிக்காரன். நான் தேயிலை பற்றி என்ன சொன்னாலும் ஒரு சொல்லைப் பிடித்துவிடுவான். “கொழுந்து பறிப்பது கஷ்டமா?” என்று கேட்டான். எங்கள் அம்மா பறித்த கொழுந்தின் கணக்கை, காலில் அட்டை கடித்த கதையை எல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “அம்மா கொழுந்து பறித்தார், நீ கொழுந்துவிட்டு எரிகிறாய்” என்றான். மறுநாள் பரீட்சை. இரவு முழுக்க அந்த ஒரு வரியோடு படித்தேன்.

வெள்ளவத்தை, தொடங்கிவைத்தவர்:

பதுளை நண்பர் எழுதியதை எல்லோரும் நிறுத்தி வாசிக்க வேண்டும். அவர் சொல்வதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஒருவருடைய ஊர்ப்பேச்சைத் திருப்பிச் சொல்லிக் கேலி செய்வதை இங்கே யாரும் பகிடி என்று எழுதவேண்டாம்.

கல்கிசை, வானொலி கேட்டு வளர்ந்தவர்:

ஊர்ப்பேச்சு பற்றி ஒரு வார்த்தை. 1970களில் இலங்கை வானொலியில் மரிக்கார் ராமதாஸின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ போகும்போது எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டு வானொலியிலும் அதுதான் கேட்கும். முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், ஐயர் தமிழ் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். நாடகம் முடிந்ததும் வெளியே வந்து, நால்வரில் யார் அதிகம் சிரிக்கவைத்தார் என்று பேசுவோம். எங்கள் ஒழுங்கையிலும் அதே நாலு தமிழும் இருந்தன. அப்பா ‘சிரித்திரன்’ வாங்குவார். சிவஞானசுந்தரம் 1960களில் கொழும்பில் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோன சஞ்சிகை. அதில் வரும் ‘மகுடி’ கேள்வி பதில்களை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உரக்க வாசிப்பார். ஒரு பதிலைப் படித்துவிட்டு, எங்களுக்கு விளங்கும்வரை காத்திருப்பார். விளக்கவேமாட்டார். பகிடியை விளக்காமல் விட்டவர்களிடம்தான் நான் மொழியைக் கற்றேன்.

தெமட்டகொடை, ஓட்டோ ஓட்டுநர்:

பாணர் பற்றிக் கேட்டவன் நான்தான். இப்போது என் அனுபவத்தை எழுதுகிறேன். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த நாட்கள் எல்லோருக்கும் தெரியும். பகல் போய், இரவு வந்து, மறுபடி விடியும். ஓட்டோவுக்குள்ளேயே தூங்குவோம். பக்கத்தில் நிற்பவர் யாரென்று முதல் நாள் தெரியாது, இரண்டாம் நாள் அவருடைய பிள்ளைகளின் பெயர்வரை தெரியும்.

எனக்கு முன்னால் நின்ற ஓட்டோக்காரர் கொட்டாஞ்சேனைக்காரர். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து தொலைபேசி. அவர் பேசிவிட்டு வந்து சொன்னார்: “சம்பந்தி வரிசை என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார். மூன்று நாளாக வரிசைதான் செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.” ஓட்டோ ஓட்டோவாக அது கடைசிவரை போயிற்று. கடைசியில் நின்றவர் நடந்து வந்து, “இவ்வளவு நீளமான சீர்வரிசையை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை” என்று அவருக்குக் கைகொடுத்தார்.

இரவு இன்னொருவர். இளைஞன், மோட்டார் சைக்கிள். வெறும் பெற்றோல் கானைக் கவிழ்த்து வைத்துத் தாளம் போட்டுப் பாடத் தொடங்கினான். தூங்க முயன்ற பெரியவர் ஒருவர், “தம்பி, நாட்டில் தட்டுப்பாடு, உனக்கு என்ன பாட்டு?” என்று சினந்தார். அவன் கானைத் தட்டிக்கொண்டே சொன்னான்: “அதைத்தானே ஐயா செய்கிறேன். தட்டு, பாடு!”

நான் வாழ்க்கையில் கேட்ட பகிடிகளிலேயே சிறந்தது இதுதான். சொன்னவன் அதற்கு முன் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவனுக்கே வியப்பு. பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பழைய பாட்டொன்றை அவரே எடுத்துக் கொடுத்தார். சிங்களவர்களும் சேர்ந்துகொண்டார்கள், அவர்கள் பாட்டும் வந்தது. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் எங்கிருந்தோ யாரோ “தட்டு!” என்பார், எல்லோருமாக “பாடு!” என்போம். வயிறு எரியாமல் இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். விடிந்தபோது பம்பில் இருந்தவர் ஐந்து லீற்றர்தான் என்றார். கொட்டாஞ்சேனைக்காரர் திரும்பி எங்களைப் பார்த்து, “எரிபொருள் குறைவு, எரிச்சல் கூட” என்றார்.

வெள்ளவத்தை, பாடசாலை மாணவி:

நான் இளையவள், எழுதலாமா என்று தெரியவில்லை. 100ஆம் இலக்கப் பஸ்ஸில், புறக்கோட்டையிலிருந்து பாணந்துறைப் பக்கம் போகும் பஸ், தினமும் பாடசாலை முடிந்து வருவேன். எனக்கு முன் இருக்கையில் இரண்டு முதியவர்கள். கொள்ளுப்பிட்டியில் ஏறியதிலிருந்து ஊர்ப்பெயர்களைப் பிய்த்துக்கொண்டே வந்தார்கள். “கொள்ளும் கிடைக்கவில்லை, பிட்டும் கிடைக்கவில்லை, இதற்குக் கொள்ளுப்பிட்டி என்று பெயர்” என்றார் ஒருவர். வெளியே கடும் மழை, காலி வீதியில் தண்ணீர். “வெள்ளம் வத்தினால்தானே வெள்ளவத்தை, வத்தாவிட்டால் வெறும் வெள்ளம்” என்றார் மற்றவர். சிங்களத்தில் அது மணல் தோட்டம் என்று எனக்குப் பாடசாலையில் சொல்லித்தந்திருக்கிறார்கள். ஆனால் அன்று சன்னலுக்கு வெளியே அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது.

இடையில், கொழும்புக்குப் புதியவர்போலத் தெரிந்த ஓர் அண்ணா, நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து குனிந்து, “ஐயா, பம்பலப்பிட்டி வந்துவிட்டதா?” என்று கேட்டார். எங்களிடம் பம்பல் என்றால் கூடிச் சிரித்துப் பேசுவது. முதியவர் மிகுந்த அக்கறையோடு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பம்பல் கொள்ளுப்பிட்டியிலேயே ஏறிவிட்டது தம்பி. பிட்டிதான் அடுத்த தரிப்பிடம்.”